ஆவாரையின் துவர்ப்பு

ஆவாரை மஞ்சள் பூப் பூக்கும் புதர்ச்செடி. பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள் நிற்கும். வெட்டாமல் விட்டால் சிறுமரம் போல 5 மீட்டர் வரையிலும் வளரும். தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களிலும் இலங்கையிலும் மியன்மாரிலும் யாரும் நடாமல் தானே முளைக்கிறது. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையின் ஓரங்களிலும், ஏரிக்கரைகளிலும், ஜவ்வாது மலை, ஏலகிரி அடிவாரக் கரடுகளிலும் இதைக் காணலாம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று அந்த வட்டாரத்தில் வரிசையாக இருப்பவை தோல் பதனிடும் ஊர்கள். அந்தத் தொழில் அங்கே வேரூன்றியதற்குப் பாலாற்று மணலில் ஊறிய நீர் ஒரு காரணம் என்றால், சுற்றுப்புறக் காடுகளில் மண்டிக் கிடந்த இந்தச் செடியின் பட்டை இன்னொரு காரணம்.

சங்க இலக்கியத்தில் இதன் பெயர் ஆவிரை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் இதுவும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர்த்தெருவுக்கு வரும்போது, எருக்கோடும் பூளையோடும் சேர்த்து அணிந்துகொள்ளும் பூவாகக் கலித்தொகை இதைக் காட்டுகிறது. ஊருக்கு வெளியே, எவரும் பேணாத தரிசில் பூக்கும் பூக்களே அந்த மூன்றும். தெலுங்கில் தங்கேடு என்பார்கள். தெலங்கானா தன் மாநிலப் பூவாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்; அங்கே பதுக்கம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் பூக்கோபுரத்துக்கு இந்தப் பூ இல்லாமல் முடியாது. சிங்களத்தில் ரணவரா.

தாவரவியலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலாட்டா. லின்னேயஸ் 1753-ல் காசியா என்ற பேரினத்தில் இதைச் சேர்த்தார். பிற்காலத்தில் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டபோது இது சென்னாவுக்குப் போயிற்று. பழைய நூல்களிலும் மருந்துச் சீட்டுகளிலும் காசியா என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. ஆரிகுலாட்டா என்றால் காதுள்ளது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் வட்டமான, காதுமடல் போன்ற இலையடிச் செதில்கள் நிற்கும். கொன்றை, தகரை, பொன்னாவிரை என்று மஞ்சள் பூக்கும் உறவுச் செடிகள் பல இருந்தாலும், இந்தக் காதைப் பார்த்தால் ஆவாரையைத் தவறாமல் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தண்டு பழுப்பு நிறம். அதன் மேல் சிறுசிறு புள்ளிகள். ஒவ்வோர் இலையும் இறகு போலப் பிரிந்து 8 முதல் 12 இணைச் சிற்றிலைகளைத் தாங்கும். சிற்றிலை நீள்வட்டமாக இருக்கும். நுனியில் மயிரிழை போல ஒரு முனை. இணைகளுக்கு நடுவே, காம்பின் மேற்புறம், குச்சி போன்ற சிறு சுரப்பிகள் உண்டு. பூவின் அகலம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். கிளை நுனிகளில் கொத்தாக வரும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கிளையில் பூ இருக்கும் என்றாலும் மழைக்குப் பிறகு செடி முழுவதும் மஞ்சளாகிவிடும். காய் தட்டையானது, காகிதம் போல மெல்லியது, விரல் நீளம். உள்ளே 12 முதல் 20 விதைகள் தனித்தனி அறைகளில் கிடக்கும். காய்ந்த காயில் ஒவ்வொரு விதையின் மேடும் வெளியிலிருந்தே தெரியும்.

கரிசல், செம்மண், சரளை, கல்லாங்குத்து என்று எந்த மண்ணிலும் இது நிற்கும். சற்றே உவர்ப்பான மண்ணையும் தாங்கும். தண்ணீர் தேங்கும் இடமும் அடர்ந்த நிழலும்தான் இதற்கு ஆகாதவை. அதனால் பெருங்காட்டுக்குள் இது இல்லை. காடு அழிந்த இடத்திலும், முள்காட்டின் ஓரத்திலும், பாதையோரத்திலும், மேய்ச்சல் நிலத்திலும்தான் இருக்கிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தும், துவரையையும் உளுந்தையும் போல வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வழக்கம் சென்னாப் பேரினத்துக்குப் பொதுவாக இல்லை. அந்த உதவி இல்லாமலேயே இது சத்தற்ற மண்ணில் பிழைக்கிறது. பாறை இடுக்கில் வேரை ஆழமாக இறக்கிக்கொள்வதும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைப்பதும் இதன் பலங்கள்.

ஆனால் பெரிய பலம் வேறு. ஆடும் மாடும் இதைத் தின்பதில்லை. மேய்ச்சல் மிகுந்த தரிசில் புல்லும் பூண்டும் தரையோடு கறும்பப்பட்டிருக்க, ஆவாரை மட்டும் இலை கலையாமல் நிற்பதைப் பார்க்கலாம். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். நாக்கு உலர்ந்து, வாய் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். இதுதான் துவர்ப்பு. இனிப்பையும் புளிப்பையும் உணர நாக்கில் சுவை மொட்டுகள் இருக்கின்றன. துவர்ப்போ சுவையைவிடத் தொடு உணர்வுக்கே நெருக்கமானது. உமிழ்நீரில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. செடியில் உள்ள டானின் என்ற பொருள் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளச் செய்கிறது. வழுவழுப்புப் போய், சொரசொரப்பு மிஞ்சுகிறது. தின்ற விலங்கின் வயிற்றிலும் இதே வேலை நடக்கும்: தீவனத்தின் புரதத்தோடு டானின் பிணைந்துகொள்வதால் செரிமானம் தடைப்படும். ஒருமுறை கடித்த ஆடு மறுமுறை வாய் வைக்காது.

இந்தக் காவல் எல்லாரையும் தடுத்துவிடுவதில்லை. வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்கும் ஒருவகை வண்ணத்துப்பூச்சிகள் சென்னாச் செடிகளைத் தேடி வந்துதான் முட்டையிடுகின்றன. அவற்றின் பச்சைப் புழுக்களுக்கு இந்த இலையே சோறு. இலைக்காம்புச் சுரப்பிகளைச் சுற்றி எறும்புகள் திரிவதையும் காணலாம். சென்னா இனங்களில் இத்தகைய சுரப்பிகள் தரும் இனிப்புக்காக வரும் எறும்புகள், எதிர்ப்படும் புழுக்களையும் பூச்சி முட்டைகளையும் தூக்கிப் போவது உண்டு.

பூவின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. ஆவாரம்பூவில் தேன் இல்லை. பூச்சிக்குக் கிடைக்கும் கூலி மகரந்தம் மட்டுமே, அதையும் பூ எளிதில் விடுவதில்லை. 10 கேசரங்களில் மேலே உள்ள 3 மலடு. மற்றவற்றின் பைகள் மற்றப் பூக்களைப் போல நீளவாக்கில் வெடிக்காமல், நுனியில் ஒரு சிறு துளையை மட்டும் திறக்கின்றன. உப்புக் குடுவையைக் குலுக்கினால்தான் உப்பு உதிரும் என்பது போல, பையை அதிரச் செய்தால்தான் மகரந்தம் வெளியே வரும். மூங்கிலிலும் பட்டமரத்திலும் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டு இதற்கு ஏற்ற விருந்தாளி. வண்டு என்று அழைத்தாலும் அது தேனீ இனத்தைச் சேர்ந்தது. பூவைக் கால்களால் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அது அதிரவைக்கிறது. அந்த நேரத்தில் ரீங்காரத்தின் சுருதி மாறுவது காதுக்கே கேட்கும். சிறிய கேசரங்களிலிருந்து வருவது பெரும்பாலும் வண்டின் உணவாகிறது. நீண்டு வளைந்த பெரிய கேசரங்கள் தூவும் தூள், அதன் கால் எட்டாத உடற்பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. வீட்டுத் தோட்டத் தேனீக்கு இப்படி அதிரவைக்கும் வித்தை தெரியாது.

செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்த டானின்தான் தோல் தொழிலுக்கு மூலப்பொருள் ஆனது. ஆவாரம்பட்டையின் எடையில் ஏறக்குறைய 18 விழுக்காடு டானின். செடியின் வயதையும் மண்ணையும் பொறுத்து இது கூடும், குறையும். உரித்த தோல் பெரும்பாலும் நீரும், கொலாஜன் என்ற புரதமும். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் மூலக்கூறு. அத்தகைய கயிறுகள் கோடிக்கணக்கில் பின்னியதே தோல். ஈரமாக விட்டால் நுண்ணுயிர்கள் அரித்து அழுகும். உலர்த்தினால் கொம்பு போல விறைக்கும். டானின் அந்தக் கயிறுகளுக்கு இடையே புகுந்து, நீர் இருந்த இடங்களைத் தான் பிடித்துக்கொள்கிறது. அதன் மூலக்கூறில் பற்றிக்கொள்ளும் கைகள் பல இருப்பதால், ஒன்றே பல இழைகளை ஒரே சமயத்தில் சேர்த்துக் கட்டும். வாயில் உமிழ்நீர்ப் புரதத்தைத் திரளச் செய்த அதே பிணைப்புத்தான் இது. பிணைப்பு முடிந்தபின் நுண்ணுயிருக்கு அந்தப் புரதம் இரை ஆவதில்லை. உலர்ந்தாலும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. பச்சைத் தோலைத் தண்ணீரில் சூடாக்கினால் 60, 65 டிகிரி செல்சியஸ் அளவில் சுருங்கிவிடும். பட்டையில் பதனிட்டது 75 முதல் 85 வரை தாங்கும்.

பழைய முறையில் இந்த வேலைக்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறப்போட்டு உப்பையும் அழுக்கையும் போக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. அங்கே சில நாள் கிடந்தால் மயிர்க்கால் தளரும். வளைந்த மரத்தின் மேல் தோலை விரித்து, இருபிடிக் கத்தியால் ஒரு பக்கம் மயிரையும் மறுபக்கம் ஒட்டிய சதையையும் வழிப்பார்கள். சுண்ணாம்பு போகக் கழுவிய தோல் பட்டைக் குழிக்கு வரும். புதிய, கெட்டியான பட்டைநீரில் எடுத்த எடுப்பிலேயே போட்டால் மேற்பரப்பு மட்டும் பதனாகி இறுகிவிடும். நடுப்பகுதி பச்சையாகவே இருந்து பின்னால் அழுகும். அதனால் பலமுறை பயன்பட்டு வலுவிழந்த நீரில் தொடங்கி, படிப்படியாகக் கெட்டியான நீருக்கு மாற்றுவார்கள். இடித்த பட்டையைத் தோல்களுக்கு நடுவே தூவி அடுக்குவதும் உண்டு. ஆட்டுத் தோல் விரைவில் முடியும். மாட்டுத் தோலுக்கு ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகும். தோலை வெட்டி, குறுக்கு வெட்டில் நிறம் நடுவரை ஒரே சீராக ஓடியிருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை.

ஆவாரையில் பதனிட்ட தோல் குழியிலிருந்து வரும்போது வெளிர்மஞ்சளாக, பார்க்க அழகாக இருக்கும். வெயில் பட்டால் சிவந்துவிடும். இதன் டானின் கேட்டசின் வகையைச் சேர்ந்தது. ஒளியும் காற்றும் பட்டால் இந்த வகை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு செந்நிறப் பொருளாக மாறும். தமிழில் துவர் என்ற சொல்லுக்குத் துவர்ப்பு என்றும் சிவப்பு என்றும் இரண்டு பொருள் இருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. துவர்க்கும் பட்டைச்சாறு சிவக்கும் என்பதைத் தினமும் கண்டவர்களின் சொல்லாக அது இருக்கலாம். சிவப்பதைத் தடுக்கும் வழி ஜவ்வாது மலையில் விளையும் கடுக்காயில் இருந்தது. கடுக்காயின் டானின் வேறு வகை, ஒளியில் நிறம் மாறாதது. பட்டைக் குழி முடிந்தபின் கடுக்காய் நீரில் ஊறவைத்தால் தோலின் மஞ்சள் நிலைத்தது. கடைசியில் எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தினார்கள்.

இப்படி ஆவாரையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலுக்கு 19-ஆம் நூற்றாண்டின் லண்டன் சந்தையில் தனிப் பெயரே உண்டு: கிழக்கிந்தியத் தோல். சென்னையிலிருந்து கப்பலேறியது முழுதும் முடிந்த சரக்கு அல்ல. பாதி நிலைத் தோல். வாங்கியவர்கள் அதைத் தங்களுக்கு வேண்டிய நிறத்துக்கும் மென்மைக்கும் மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணி மேற்பகுதிக்கு இந்தத் தோல் பெருமளவில் போயிற்று. 1856 ஜூலை 1-ல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பாதை மேற்கே நீண்டபோது பாலாற்றங்கரை ஊர்கள் துறைமுகத்தோடு இணைந்தன. சென்னையில் பெரியமேடு தோல் வணிகத்தின் மையமாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் முதலீடும் வணிகமும் பெரும்பாலும் முஸ்லிம்கள் கையில் இருந்தன. குழியில் இறங்கிச் சுண்ணாம்பிலும் பட்டைநீரிலும் நின்று வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கை கால் தோல் அவர்களுக்கும் பதனானது என்றுதான் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதும் எவரும் விட்டுவிடக் கூடாத செய்தி அது.

பட்டை சேகரிப்பு தனியொரு பிழைப்பு. இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த தண்டில்தான் உரிக்கத் தகுந்த பட்டை இருக்கும். தரையை ஒட்டி வெட்டி, கட்டையால் தட்டிப் பட்டையைத் தளர்த்தி உரித்து, காயவைத்துக் கட்டுவார்கள். உரித்த குச்சி அடுப்புக்கு ஆகும். தரிசையும் காட்டையும் நம்பிய நிலமற்ற குடும்பங்களுக்கு இது கைக்காசு. ஆனால் கணக்கு கடினமானது. தாவர முறையில் பதனிட்ட தோலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ டானின் இருக்கும். 1 கிலோ பட்டையில் இருப்பதோ 180 கிராம், அதிலும் முழுதும் நீரில் இறங்காது. ஆக ஒரு கிலோ தோலுக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே பட்டை வேண்டும். அந்த ஒரு கிலோவுக்கு வெட்டப்படும் செடி மறுபடி பட்டை தர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆலைகள் பெருகப் பெருக அருகிலிருந்த கரடுகள் மட்டும் போதவில்லை. பட்டை வெகு தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று.

இந்தத் தட்டுப்பாட்டின் இடத்தைப் பிடித்தது வாட்டில் பட்டை. ஆஸ்திரேலியாவைச் சொந்த ஊராகக் கொண்டு தென்னாப்பிரிக்காவில் தோட்டமாக வளர்க்கப்பட்ட வேல மரம் அது, நீலகிரியிலும் நடப்பட்டது. டானின் 30 விழுக்காட்டுக்கும் மேல். தோட்டத்தில் ஒரே வயது மரங்களாக வெட்டலாம். சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கிக் கப்பலில் அனுப்பலாம். 20-ஆம் நூற்றாண்டில் இறக்குமதி வாட்டில் பெருகப் பெருக, ஆவாரம்பட்டை மெல்லப் பின்னுக்குப் போயிற்று.

இன்னொரு அடி குரோமியத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-லும் மார்ட்டின் டென்னிஸ் 1893-லும் காப்புரிமை பெற்ற முறைகளால், குரோமிய உப்பில் தோலை ஒரே நாளில் பதனிட முடிந்தது. அந்தத் தோல் கொதிநீரையும் தாங்கும். மெல்லியதாக, இலகுவாக, எந்தச் சாயத்தையும் ஏற்கும். அமெரிக்க ஆலைகள் இந்தியாவின் ஆட்டுத் தோலைப் பதனிடாமல் பச்சையாகவே வாங்கத் தொடங்கியதும், சென்னை மாகாணத்தின் பதனிட்ட ஆட்டுத் தோலுக்கு மவுசு குறைந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ல் சென்னையில் குரோமிய முறையைச் சோதித்துப் பார்த்தார். மாகாணத்தின் தோல் தொழில் பற்றி அவர் எழுதிய அறிக்கை மறு ஆண்டு வெளியானது. சென்னைக்கு அருகே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் ஓர் ஊரே குரோம்பேட்டை ஆகிவிட்டது. 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1970-களில் பாதி நிலைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் முழுவேகத்தில் குரோமியத்துக்கு மாறின.

அதன் விலையைப் பாலாறு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிற்று என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தத் தீர்ப்பில் இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்பட்டன. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் ஆலை இயங்க வழியில்லை என்றாயிற்று.

இதைப் படிப்பவர்களுக்கு, ஆவாரையோடு நின்றிருந்தால் ஆறு தப்பியிருக்குமே என்று தோன்றும். அது பாதி உண்மை. குரோமியம் நிலத்தில் தங்கும் உலோகம். பட்டைச்சாறு காலப்போக்கில் சிதையும். ஆனால் பாலாற்றங்கரைக் கிணறுகளை உவராக்கியதில் பெரும்பங்கு, தோலைக் கெடாமல் வைக்க இடும் உப்புக்கு உண்டு. அந்த உப்பும் சுண்ணாம்பும் எந்த முறைக்கும் பொதுவானவை. பட்டைக் குழிக் கழிவும் கருத்த, கெட்டியான நீர். ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். செடியிலிருந்து வந்த காரணத்தாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. கிழக்கிந்தியத் தோல் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். திருச்சி, திண்டுக்கல் பக்கங்களில் தாவர முறைப் பதனிடல் தொடர்கிறது. அங்கும் குழியில் இறங்குவது பெரும்பாலும் வாட்டில் சாறு, ஆவாரம்பட்டை அரிதாகிவிட்டது.

மருத்துவத்தில் ஆவாரைக்குள்ள இடம் அதன் துவர்ப்பையே ஒட்டி அமைந்தது. துவர்ப்புச் சுருக்கும், கட்டும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. வயிற்றுப்போக்குக்கும், மிகுதியாகப் போகும் சிறுநீருக்கும், வாய்ப்புண்ணுக்கும், பெண்களின் மிகு உதிரப்போக்குக்கும் பட்டைக் குடிநீர் சொல்லப்பட்டது. இதே சென்னாப் பேரினத்தைச் சேர்ந்த நிலாவாரை, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் பயிராகி, மலமிளக்கியாக உலகெங்கும் போகிறது. ஒன்று கட்டுவதற்கும் மற்றொன்று இளக்குவதற்கும் பேர் பெற்ற உறவினர்கள். ஆவாரையின் இலை, பூ, காய், பட்டை, வேர் ஐந்தும் சேர்ந்தது ஆவாரைப் பஞ்சாங்கம். நீரிழிவுக்குச் சித்தர்கள் வகுத்த ஆவாரைக் குடிநீரில் கொன்றை, நாவல், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை முதலியவை சேரும். ஆவாரை பூத்த ஊரில் சாவும் உண்டோ என்று கேட்கிறது ஒரு பழமொழி.

அந்த நம்பிக்கையை ஆய்வுக்கூடம் ஓரளவு வரைதான் பின்தொடர்ந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்தது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எச்சரிக்கைக்கும் இடம் இருக்கிறது. இலங்கையில் ரணவராத் தேநீர் பரவலாகக் குடிக்கப்படுகிறது. மாத்தறை வட்டாரத்தின் பெயரையே ஆங்கிலேயர் அதற்கு வைத்தார்கள். அதே இலங்கையில் 1981-ல் வெளியான ஓர் ஆய்வு, கல்லீரலைப் பாதிக்கக் கூடிய அல்கலாய்டுகள் காணப்பட்ட மூலிகைகளில் ஆவாரையையும் குறிப்பிட்டது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் மருந்தோடு இது சேர்ந்தபோது எலிகளின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியதாகவும் ஒரு சோதனை காட்டியது. நீரிழிவுக்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவர்கள் ஆவாரம்பூத் தேநீரைத் தினசரி வழக்கமாக்கிக்கொள்ளும் முன் மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

வீட்டுப் புழக்கத்துக்கு இவ்வளவு யோசனை தேவைப்பட்டதில்லை. உலர்ந்த பூவைப் பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்துக் குளியல் பொடியாக்குவார்கள். பூவிதழைப் பருப்போடு சேர்த்துக் கூட்டு வைப்பதும் உண்டு. உச்சி வெயிலில் நடப்பவர்கள் இலையைத் தலையில் வைத்து அதன் மேல் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். வயலில் தழையுரமாக மிதித்தார்கள். உவர் நிலத்தைத் திருத்த இந்தத் தழை நல்லது என்பது உழவர் அனுபவம். ஆடு மாடு தொடாத தழை வீணாகாமல் நெல்லுக்குப் போனது. பொங்கலுக்கு முந்தைய நாள், ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வீட்டு நிலையிலும் களத்திலும் தொழுவத்திலும் காப்புக் கட்டுவது தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இன்றும் நடக்கிறது. அந்த ஒரு நாளில் நகரத்துச் சந்தையிலும் ஆவாரங்கொத்து விலைக்கு வருகிறது.

விலைக்கு வருவதற்கு ஒரு காரணம் செடி குறைந்திருப்பது. தரிசுகள் மனைகளாகின, சாலைகள் அகன்று ஓரங்கள் சிமெண்ட் ஆயின, மிஞ்சிய இடத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்து நிழல் போடுகிறது, ஆவாரைக்கு ஆகாதது நிழல்தான். வளர்க்க விரும்புவோருக்கு இது சிரமமான செடி அல்ல. விதையின் ஓடு கடினம். அப்படியே விதைத்தால் மழைக்கு மழை ஒன்றிரண்டாகத்தான் முளைக்கும். கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓரிரவு ஊறவிட்டாலோ, சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்தாலோ ஓடு நீரை உள்ளே விடும். ஆடி, ஆவணியில் விதைத்து முதல் சில மாதம் வறட்சியில் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் போதும். வேர் இறங்கியபின் மழையே பார்த்துக்கொள்ளும். ஏரிக்கரைச் சரிவிலும் சாலை மேட்டிலும் மண்ணைப் பிடித்து நிற்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பயந்து இதற்கு வேலி போட வேண்டியதில்லை.